மாமரத்தடியில் கொள்ளு எதற்கு?

மழைக்காலத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் போகிறவர்கள், சில மாந்தோப்புகளில் மர வரிசைகளுக்கு நடுவே கொள்ளுச் செடி பச்சைப் பசேலென்று படர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். பக்கத்துத் தோப்போ புல் பூண்டில்லாமல், பெருக்கிவிட்ட வாசல் மாதிரி இருக்கும். எது நல்ல தோப்பு என்று கேட்டால், நம்மில் முக்கால்வாசிப் பேர் இரண்டாவதைத்தான் காட்டுவோம். வீட்டைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கண் அல்லவா!

மண்ணுக்கு அந்தச் சுத்தம் ஆகாது. வெறும் தரையில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைத்துத் தூளாக்குகிறது. தூள், மண்ணிலுள்ள சின்னஞ்சிறு துவாரங்களை அடைத்துக்கொள்ள, காய்ந்ததும் மேல்தரை அப்பளம் போல் இறுகிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்குமா? மேல் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடையைத் தேடி ஓடிவிடும். கிணற்றுப் பாசனம் இல்லாத மானாவாரி மரத்துக்கு அந்த மழைதானே சோறு!

கொள்ளு, தட்டைப்பயறு, சணப்பை என்று ஏதாவதொரு மூடுபயிர் இருந்தால், துளியின் வேகத்தை இலை வாங்கிக்கொள்ளும். வேர் மண்ணைத் துளைத்து இறங்கும். அது மக்கிய பிறகு அதே வழியில் நீரும் காற்றும் போகும். வேரில் கசியும் சத்தைத் தின்று வாழும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் ஒருவிதப் பசையால் மண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து, பொலபொலவென்று வைக்கின்றன. பயறு இனமானால், வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனையும் பிடித்துக் கொடுக்கும்.

நம்பிக்கை வரவில்லையா? கொல்லையில் நடைபாதையிலிருந்து ஒரு மண்கட்டி, புல் அடர்ந்த இடத்திலிருந்து ஒன்று எடுத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு தேநீர் வடிகட்டியில் வைத்துத் தண்ணீரில் மெல்ல அமிழ்த்துங்கள். பாதை மண் பெரும்பாலும் சில நிமிஷங்களில் கரைந்து தண்ணீரைக் கலக்கிவிடும். வேர் ஓடிய மண் அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது.

மூடுபயிரும் தண்ணீர் குடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. மழையோடு விதைத்து, மழை ஓய்ந்ததும் அறுத்து அங்கேயே பரப்பிவிட வேண்டும். தை, மாசியில் மா பூக்கும்போது அது போட்டிக்கு நிற்கலாகாது. கொள்ளு வேண்டுமென்று காயவிடுகிறவர்களும் வேரோடு பிடுங்காமல் அரிவாளால் அறுப்பது நல்லது. ரசத்துக்குக் கொள்ளும் ஆயிற்று, மண்ணுக்கு வேரும் ஆயிற்று!

"பாம்பு வந்து படுத்துக்கொள்ளுமே!" என்று பாட்டிமார் பயப்படலாம். நியாயமான பயம்தான். வீட்டை ஒட்டினாற்போல் விதைக்க வேண்டாம். நடக்கும் வழியையும் விட்டுவிடுங்கள்.

கொல்லையில் ஒற்றைத் தென்னைதான் உண்டா? வட்டப்பாத்தியில் 50 கிராம் சணப்பை விதை தூவுங்கள். பூப்பதற்கு முன்பே மண்ணோடு கொத்திவிடுங்கள். பூத்துவிட்டால் தண்டு நார் பாய்ந்து, மக்க நாளாகும்.