பாட்டிக்கு ஏன் தாகம் எடுக்கவில்லை?

அகமதாபாத் குஜராத்தில் உள்ள பெரிய நகரம். சபர்மதி ஆற்றங்கரையில் இருக்கிறது. கோடையில் அங்கே வெயில் மிகக் கடுமை. ஊர் மக்களுக்கு அது பழகிப்போன வெயில்தான். ஆனால் 2010-ஆம் ஆண்டு மே மாதம் வந்த வெயில் வேறு. ஒரு நாள் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதத்தைவிட அந்த மாதம் 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். ஆய்வாளர்கள் பின்னால் கணக்குப் பார்த்துச் சொன்னது இது.

வெயிலால் வரும் சாவு பெரும்பாலும் வெயிலின் பெயரில் பதிவாவதில்லை. மாரடைப்பு என்பார்கள். வயதாகிவிட்டது என்பார்கள். அதோடு முடிந்துவிடும்.

ஒரு தகரக் கூரை வீட்டை நினைத்துப் பாருங்கள். மருமகள் வேலைக்குப் போகிறாள். பாட்டி மட்டும் வீட்டில். பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர். மாலையில் மருமகள் வருகிறாள். பானை அப்படியே இருக்கிறது.

"ஏன் அத்தை, தண்ணீரே குடிக்கவில்லையா?"

"தாகமே இல்லையம்மா."

பாட்டி பொய் சொல்லவில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு குறைகிறது. உடம்பில் தண்ணீர் வற்றினாலும் நாக்கு கேட்பதில்லை. வியர்வையும் குறைவாகவே சுரக்கிறது. வியர்வை காயும்போதுதான் உடம்பு குளிரும். அது குறைந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

இதயத்துக்கும் வேலை கூடுகிறது. உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற, இரத்தம் தோலுக்கு ஓட வேண்டும். அதற்காக இதயம் வேகமாக அடிக்கிறது. இளைஞர் தாங்குவார். பலவீனமான இதயம் தாங்குமா?

இரத்த அழுத்தத்துக்குச் சிலர் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவார்கள். அதுவும் உடம்பின் நீரைக் குறைக்கும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கோடை தொடங்கும்போதே மருத்துவரைக் கேட்க வேண்டும். சிறுநீரகம் அல்லது இதய நோய் உள்ள சிலருக்குத் தண்ணீருக்கே அளவு உண்டு. அந்த அளவையும் அவரிடமே கேட்க வேண்டும்.

மற்றவர்கள் தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒரு தடவையாவது தண்ணீர் குடிக்க வேண்டும். குஜராத்தில் மதியச் சாப்பாட்டோடு மோர் குடிப்பது வழக்கம். நல்ல வழக்கம் அது.

வெயில் என்று நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் சரியல்ல. கால் தசை சீக்கிரம் இளைத்துவிடும். விடியற்காலையில் சிறிது நடக்கலாம். வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். படுக்கையிலிருந்து சட்டென்று எழக் கூடாது. உடம்பில் நீர் குறைந்திருந்தால் தலை சுற்றும். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

இரவையும் கவனிக்க வேண்டும். பகலெல்லாம் காய்ந்த கூரை இரவில் சூட்டை உள்ளே விடும். உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. ஈரத்துணியால் கை, கால், கழுத்தைத் துடைத்துவிட்டு விசிறினால் நல்லது. கடும் வெப்பத்தில் மின்விசிறி மட்டும் போதாது. அது சூடான காற்றையே மேலே வீசும்.

முதியவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? உடம்பு கொதிக்கிறதா? மயங்குகிறாரா? அது வெப்பத் தாக்கு. உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும்.

அகமதாபாத் மாநகராட்சி 2013-இல் ஒரு திட்டம் தொடங்கியது. கடும் வெயில் வருமுன்பே மக்களுக்கு எச்சரிக்கை போகும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறம். 45 டிகிரி என்றால் சிவப்பு. பிறகு வேறு பல நகரங்களும் இதைப் பின்பற்றின. 2017-இல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையும் அங்கே தொடங்கியது. வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும். வீட்டுக்குள் சில டிகிரி குறையும்.

வேலைக்குப் போகும் மருமகள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம். மதியம் யாராவது எட்டிப் பார்த்து, ஒரு குவளை மோரைப் பாட்டியின் கையில் கொடுப்பார்கள்.