டெஸ்டர் எரிகிறது, விளக்கு எரியவில்லை!

ஆரணியில் பட்டு நெய்யும் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். குழித்தறியில் நெசவாளர் அமர்ந்திருக்கிறார். அவருடைய வெறுங்கால்கள் குழிக்குள் மிதிப்பலகை மேல் இருக்கின்றன. கை எட்டும் தூரத்தில், சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். தறி விளக்குக்கு அதிலிருந்துதான் மின்சாரம். திடீரென்று விளக்கு அணைந்துவிடுகிறது. மற்ற அறைகளில் விளக்குகள் எரிகின்றன. கோளாறு எங்கே?

மாணவர்களே, திருப்புளியைத் தேடுமுன் சற்றுச் சிந்தியுங்கள். அந்த விளக்கை வேறோர் அறையில் செருகிப் பாருங்கள். அங்கும் எரியாவிட்டால் குறை விளக்கில். எரிந்தால் குறை சுவரில். அடுத்து, மெயின் பலகையில் ஃபியூஸ் உருகியிருக்கிறதா, எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கிவிட்ட எம்.சி.பி. உடனே விழுந்தால், மீண்டும் மீண்டும் தூக்கக்கூடாது. குறுக்குச்சுற்றோ மிகைச்சுமையோ இருப்பதன் எச்சரிக்கை அது.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று கொள்வோம். எலக்ட்ரீஷியன் வருகிறார். மெயினை அணைத்துப் பலகையைக் கழற்றுகிறார். பிளக் பாயிண்டை நேரே பார்த்தால் மேலே எர்த், வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். விளக்கு செருகியபடியே இருக்க, மெயினையும் சுவிட்சையும் போட்டு ஃபேஸ் திருகில் டெஸ்டரை வைக்கிறார், எரிகிறது. நியூட்ரல் திருகில் வைக்கிறார், அங்கும் எரிகிறது! பிறகு விளக்கு ஏன் எரியவில்லை?

நியூட்ரல் கம்பி திருகிலிருந்து கழன்றுவிட்டது. அதுதான் காரணம். மின்னோட்டம் ஃபேஸ் வழியே வந்து, விளக்கைக் கடந்து, நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். திரும்பும் வழி அறுந்ததால் மின்னோட்டம் சுழி. ஓம் விதிப்படி மின்னோட்டம் சுழியானால் விளக்கில் மின்னழுத்த வீழ்ச்சியும் சுழி. ஆகவே ஃபேஸில் உள்ள 230 வோல்ட் அப்படியே விளக்கைத் தாண்டி நியூட்ரல் திருகிலும் வந்து நிற்கிறது. டெஸ்டருக்குள் சுமார் 10 லட்சம் ஓம் தடை இருக்கிறது. அதன் வழியே ஒரு மில்லியாம்பியருக்கும் குறைந்த மின்னோட்டமே பாயும். டெஸ்டரிலுள்ள நியான் விளக்குக்கு அது போதும். தறி விளக்குக்குப் போதாது.

ஆபத்து இங்கேதான். "மின்சாரம் இல்லை, அதுவும் நியூட்ரல்தானே" என்று ஒருவர் தொட்டால், அறுந்த வழிக்குப் பதில் அவர் உடலே வழியாகிவிடும். 60 வாட் குண்டு பல்பின் தடை ஏறத்தாழ 880 ஓம். ஈர உடலின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 230ஐ 1880 ஆல் வகுத்துப் பாருங்கள்: 120 மில்லியாம்பியர்! இதயத் துடிப்பை நிலைகுலைக்க இது போதும். மழைக்காலத்தில் தறிக்குழியின் ஈரத்தரையில் கால் பட்டிருந்தால் என்னாகும்? 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருப்பது இதனால்தான் அவசியம்.

கம்பி ஏன் கழன்றது? திருகு தளர்ந்ததால். தளர்ந்த இணைப்பில் 1 ஓம் தடை இருந்து, அதன் வழியே 5 ஆம்பியர் பாய்ந்தால், அந்த ஒரே புள்ளியில் 25 வாட் வெப்பம் பிறக்கும். ஒரு சிறு சாலிடரிங் அயர்னின் வெப்பம் அது. பிளக் பாயிண்டில் பழுப்புக் கறையோ கருகிய வாடையோ கண்டால், அன்றே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, கம்பியின் முனையைச் சுரண்டித் திருகை இறுக்குகிறார். தறி விளக்கு எரிகிறது. நீங்கள் மறக்கக்கூடாதது ஒன்றுதான்: மின்னோட்டம் இல்லாத இடமெல்லாம் மின்னழுத்தம் இல்லாத இடம் அன்று.