விகட ராணி மேரி டிரெஸ்லர்

தம்முடைய முகத்தைத் தாமே பரிகசித்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? மேரி டிரெஸ்லர் அம்மையார் ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் அதையே தொழிலாகக் கொண்டிருந்தார். 1924-ல் வெளியிட்ட சுயசரிதையின் தலைப்பிலேயே தம்மை 'அழகற்ற வாத்துக் குஞ்சு' என்று சொல்லிக்கொண்டார்.

1868-ல் கனடா தேசத்தில் கோபர்க் என்னும் ஊரில் பிறந்தவர் அவர். பதினான்காம் பிராயத்தில் வீட்டை விட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பருத்த சரீரமும் முரட்டு முகமும் கொண்ட பெண்ணுக்குக் கதாநாயகி வேஷம் யார் கொடுப்பார்கள்? ஆகவே விகட வேஷங்கள் வந்தன. அமெரிக்காவின் 'வோட்வில்' மேடையும் வந்தது. கழைக்கூத்து, பழக்கிய நாய், பாட்டு, கோணங்கித்தனம் எல்லாம் ஒரே இரவில் அடுத்தடுத்து நடக்கும் கதம்பக் கச்சேரி அது. கிடைக்கும் சில நிமிஷங்களுக்குள் சபையோரைச் சிரிக்க வைக்காவிட்டால் பிழைப்பு போயிற்று! 1910-ல் 'டில்லியின் துர்ச்சொப்பனம்' என்ற நாடகம் அவருக்குப் பெரும் புகழ் தந்தது. 1914-ல் அந்த டில்லியே ஊமைப் படத்திலும் தோன்றினாள். அதில் உடன் நடித்தவர் அப்போது புதியவரான சார்லி சாப்ளின்.

அவர் சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்ந்த வருஷம் 1919. கோஷ்டியாக ஆடிப் பாடும் பெண்களுக்கு ஒத்திகைக் காலத்தில் சம்பளம் கிடையாது. அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் பெண்களும் தனிச் சங்கம் கண்டார்கள். அதன் முதல் தலைவி மேரி டிரெஸ்லர். தாமும் ஒரு காலத்தில் அவ்வரிசையில் நின்றவர் அல்லவா? செப்டம்பரில் நடிகர்கள் வென்றார்கள். ஆனால் அதற்குப் பின்னர் அவருக்கு நாடகக் கொட்டகைகளின் கதவுகள் மெள்ள மெள்ள அடைபட்டன. வேலைநிறுத்தமே முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஹாஸ்யத்தின் மோஸ்தரும் மாறிவிட்டது.

பிரான்ஸஸ் மாரியன் என்னும் கதாசிரியை இளம் பத்திரிகை நிருபராக அலைந்த நாளில், அவருக்குப் பேட்டி தந்து உதவியவர் மேரி. அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. 1927-ல் மேரிக்கென்றே ஒரு படக்கதை எழுதினார். பிறகு பேசும் படம் வந்தது. மேடையில் பழகிய குரலுக்கு மவுசும் வந்தது. 1930-ல் வெளியான 'மின் அண்ட் பில்' படத்தில், கைவிடப்பட்ட பெண்ணொருத்தியை வளர்க்கும் துறைமுக விடுதிக்காரியாக நடித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்களை அழவும் வைத்த அந்நடிப்புக்காக, 1931 நவம்பர் 10-ல் 'ஆஸ்கார்' பரிசு கிடைத்தது. அதற்கு முந்திய நாள்தான் அவருக்கு அறுபத்து மூன்று நிரம்பியிருந்தது! 1932, 1933 இரு வருஷங்களிலும் அமெரிக்கக் கொட்டகைகளுக்கு அதிக வசூல் தேடித் தந்த நட்சத்திரம், அழகிகள் யாருமல்லர், இந்தக் கிழவியே.

அப்போதே புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. ஆயினும் 1933-ல் வந்த 'டின்னர் அட் எயிட்' படத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். பொன்னிறக் கூந்தல் அழகி ஜீன் ஹார்லோ, தாம் ஒரு புத்தகம் படித்ததாகச் சொல்கிறார். பக்கத்தில் நடந்துவரும் மேரி திடுக்கிட்டு, கால் இடறினாற்போல் நின்று, அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். பேச்சு பிறகுதான் வருகிறது. கொட்டகை அதற்கு முன்பே சிரித்துவிடுகிறது.

1934 ஜூலை 28-ல் அவர் காலமானார்.