இடுபொருளை யாரிடம் வாங்குவது?

விதைப்புக்கு முன் ஒவ்வொரு விவசாயியும் ஒரு கடைப் படியேறுகிறார். விதை, உரம், பூச்சி மருந்து ஆகியவற்றைக் கடையில் வாங்காமல் சாகுபடி செய்வோர் இன்று மிகச் சிலரே. மூட்டைக்கு எங்கே ஐந்து ரூபாய் குறையும், கடன் யார் கொடுப்பார் என்ற இரண்டை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுப்பது நம்மிடையே வழக்கமாக உள்ளது.

மூன்றாவதாக ஒன்றையும் பார்க்க வேண்டும். கடைக்காரரின் நடத்தை எப்படி? அவர் கொடுக்கும் பொருள் நம் மண்ணை, மருந்து தெளிக்கும் ஆளை, அப்பொருளை உண்டாக்கிய தொழிலாளியை என்ன செய்கிறது? இது தர்மம் பேசுவோரின் வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நமது சொந்த இலாப நஷ்டமும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கடனும் மருந்தும்

கடனுக்கு வாங்கும் விவசாயி கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை மறுக்க முடிவதில்லை. வாடிய இலை ஒன்றைக் காட்டினால் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். யூரியா வேண்டுமானால் இந்தக் குருணையையும் எடுத்துக்கொள் என்று தள்ளிவிடுவோரும் உண்டு. வேண்டாத மருந்துக்குப் பணம் போவதுடன், பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் வயலில் அழிந்து, பூச்சி முன்னைவிட அதிகமாகிறது.

கடனுக்குரிய விலையையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உதாரணமாக, ரொக்கத்துக்கு 1,000 ரூபாயாக உள்ள பொருளைக் கடனுக்கு 1,100 ரூபாய் என்று எழுதி, நான்கு மாதத்தில் வசூலித்தால், அது ஆண்டுக்கு 30 சத வட்டியாகும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

நல்ல கடைக்கு முதல் அடையாளம் ரசீது. 1983ம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். வாங்குவோருக்கு ரசீது கொடுக்க வேண்டும். உரத்துக்கு 1985ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணை உண்டு. பூச்சி மருந்துக்கு 1968ம் ஆண்டுச் சட்டம் உண்டு. ரசீது கேட்டால் முகம் சுளிக்கும் கடை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நமக்கு வேண்டாம்.

விதையில் அட்டையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும், வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டையும் இருக்கும். உற்பத்தியாளரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் விதைக்குப் பச்சை அட்டை. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 சத முளைப்புத் திறன் இருக்க வேண்டும். நூறு விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஏழெட்டு நாளில் முளைத்தவற்றை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

ரசீது, அட்டை, காலிப் பை ஆகியவற்றுடன் ஒரு பிடி விதையையும் அறுவடை முடியும் வரை பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே. நுகர்வோர் நீதிமன்றத்தில் அவர் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று 2012ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரசீது இல்லாதவர் அங்கே தம் வழக்கை நிரூபிப்பது கடினம்.

முக்கோணம் சொல்லும் செய்தி

பூச்சி மருந்து டப்பாவில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம். விஷம் குறைந்தது பச்சை. இதைப் பார்க்காமல் வாங்குவது ஆபத்தானது. 2017ல் மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தபோது 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் கூலிக்குத் தெளித்தவர்களும் இருந்தனர்.

மானோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைக் காய்கறிப் பயிருக்குப் பயன்படுத்துவது 2005லேயே தடை செய்யப்பட்டது. 2013ல் பீகாரில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்ததற்கு, சமையல் எண்ணெயில் கலந்திருந்த இந்த மருந்தே காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. எண்டோசல்பானை 2011ல் உச்சநீதிமன்றம் தடை செய்தது. தடை செய்ததைப் பின்கட்டிலிருந்து எடுத்துத் தருபவரை வேண்டியவர் என்று நினைக்கலாகாது. பயிரின் பெயரைக் கேட்டு, அளவைச் சொல்லி, கையுறையும் முகமூடியும் அணியச் சொல்லி, துண்டுப் பிரசுரத்தையும் சேர்த்துக் கொடுப்பவரே நல்ல வியாபாரி. காலி டப்பாவை மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் துளையிட்டுவிட வேண்டும். வீட்டில் எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

விதைக்குப் பின்னால் யார் கை?

வீரிய ஒட்டுப் பருத்தி விதையின் கதையைப் பலர் அறியார். இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுப் பருத்தி 1970ல் குஜராத்தில் வெளியிடப்பட்டது. இவ்வகை விதையை உண்டாக்க, மாலையில் ஒவ்வொரு மொட்டிலும் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மறுநாள் காலையில் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். பல மாதம் நீடிக்கும் இவ்வேலையில் ஆந்திரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பள்ளி செல்ல வேண்டிய பிள்ளைகள், குறிப்பாகச் சிறுமிகள், ஈடுபடுத்தப்பட்டது வெளிவந்தது. 2000க்குப் பிறகு கேள்விகள் வலுத்ததால் சில கம்பெனிகள் உற்பத்தி வயல்களைக் கண்காணிக்க முன்வந்தன.

பையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கம்பெனிப் பிரதிநிதி ஊருக்குக் கூட்டம் போட வரும்போது, உங்கள் விதை வயலில் யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்கலாம். ஒருவர் கேட்டால் சிரித்து மழுப்புவார்கள். ஐம்பது பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வழி என்ன?

கடன் இருக்கும்வரை இதெல்லாம் எப்படி நடக்கும் என்று சிறு விவசாயிகள் கேட்பது நியாயமே. ஒரே நாளில் கடையை மாற்ற இயலாது. ஒரு போகத்துக்கு ஒரு பொருளாக மாற்றலாம். முதலில் விதை. அதைத் தாமே எடுத்து வைக்கலாம், அல்லது வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கலாம். அடுத்து உரம். 1904ல் கூட்டுறவுச் சட்டம் வந்த ஆண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கம் பதிவாயிற்று. இன்று தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் விவசாயிக்கு வட்டிச் சுமை இல்லை. கடைசியாகப் பூச்சி மருந்து. வேளாண்மை அலுவலரிடம் பயிரைக் காட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அதன்பின் கடைக்குச் செல்லலாம். பத்துப் பேர் சேர்ந்து ரொக்கத்துக்கு வாங்கினால் விலையும் குறையும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லத் துணிவும் வரும்.

நாமும் ஒருவருக்கு விற்பவர்களே என்பதை மறக்கக் கூடாது. நம் கத்தரிக்காயில் என்ன மருந்து, எப்போது தெளித்தீர்கள் என்று வாங்குவோர் கேட்கும் காலம் வந்துவிட்டது. கடைக்காரரிடம் நாம் நேர்மையை எதிர்பார்ப்பது போலவே, நம்மிடமும் அதை எதிர்பார்க்கிறார்கள். அடுத்த முறை கடைப் படியேறும்போது விலையைக் கேட்பதற்கு முன் ரசீதைக் கேட்டுப் பாருங்கள். எப்படிப்பட்ட கடை என்பது அப்போதே ஓரளவு விளங்கிவிடும்.