கடலின் ஆழமும் உயிரினங்களும்

கொழும்பிலிருந்து நானுஓயாவுக்குப் புகையிரதத்தில் ஏறி வரும்போது தென்னையும் இறப்பரும் மறைந்து தேயிலை தோன்றுவதையும், குளிர் கூடுவதையும் காண்கிறோம். உயரம் மாறச் சூழல் மாறுகிறது. சூழல் மாற உயிரினம் மாறுகிறது. கடலினுள் கீழே இறங்கும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. எனினும் ஒளி, வெப்பநிலை, அமுக்கம் ஆகிய மூன்றும் ஆழத்துடன் ஒரே விதமாக மாறுவதில்லை. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இப்பகுதியை மனனம் செய்ய வேண்டியதில்லை.

1. ஒளி

நீர் ஒளியை உறிஞ்சுகிறது. செந்நிறம் முதலில் மறையும். நீல நிறம் அதிக ஆழம் வரை செல்லும். தெளிந்த கடலிலும் ஏறத்தாழ 200 மீற்றருக்குக் கீழே ஒளித்தொகுப்புக்குப் போதிய ஒளி இல்லை. 1000 மீற்றருக்குக் கீழே சூரிய ஒளி அறவே இல்லை.

2. வெப்பநிலை

இலங்கையைச் சூழ்ந்த கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ் ஆகும். மேற்படையின் கீழ் வெப்பநிலை சடுதியாகக் குறையும் ஒரு படை உண்டு. 1000 மீற்றரில் அது 10 பாகையிலும் குறைவு. அதன் பின்னர் மாற்றம் மிகச் சிறிது. 3000 மீற்றருக்குக் கீழே ஏறத்தாழ 2 பாகை.

3. அமுக்கம்

மலையில் ஏற வளியமுக்கம் குறையும். 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் அது கடல் மட்டத்தில் உள்ளதன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. கடலில் இறங்க அமுக்கம் கூடும்; ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் சேரும். இவ்வதிகரிப்பு சீரானது.

அவ்வாறாயின் ஆழ்கடல் மீன்கள் ஏன் நசுங்குவதில்லை? அவற்றின் உடலில் பெரும்பகுதி நீர். நீரை எளிதில் நெருக்க முடியாது. உள்ளும் புறமும் அமுக்கம் சமனாகும். நசுங்குவது வளி நிறைந்த வெளிகளே.

4. வலயங்களும் உயிரினங்களும்

ஒளி வலயம் (0 - 200 மீற்றர்): தாவரப் பிளாந்தன்கள் இங்கு உணவு தயாரிக்கின்றன. முருகைக் கற்பாறைகளும் சூரை போன்ற மீன்களும் இங்குள்ளன.

மங்கொளி வலயம் (200 - 1000 மீற்றர்): பெரிய கண்களும் ஒளிரும் உறுப்புகளும் கொண்ட மீன்கள், கணவாய்கள் வாழ்கின்றன. பல, இரவில் மேலே வந்து உணவுண்டு, பகலில் கீழே இறங்கும்.

இருள் வலயம் (1000 மீற்றருக்குக் கீழ்): மேலிருந்து விழும் இறந்த உடல்களும் கழிவுகளுமே பெரும்பாலான விலங்குகளின் உணவு. விதிவிலக்கும் உண்டு. 1977ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2500 மீற்றர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டன. இது பிதுருதலாகலையின் உயரத்துக்குச் (2524 மீற்றர்) சமமான ஆழமாகும். அங்கு பக்டீரியாக்கள் ஒளியின்றி, இரசாயனச் சக்தியால் உணவு தயாரிக்கின்றன.

5. மலைநாடும் திருக்கோணமலைக் கடலும்

நானுஓயா, கொத்மலை ஓயா முதலியவற்றின் நீர் மகாவலி கங்கையுடன் சேர்ந்து கொட்டியாரக் குடாவில் விழுகிறது. அக்குடாவிலேயே ஓர் ஆழ்கடற் பள்ளத்தாக்கும் தொடங்குகிறது. கரைக்கு அருகிலேயே ஆழ்நீர் இருப்பதால் நீலத் திமிங்கிலங்களை இங்கு கரைக்குச் சமீபமாகக் காணலாம்.

ஆறு கொண்டுவரும் போசணைப் பொருள்கள் பிளாந்தன்களை வளர்க்கும். ஆனால் மண் மிகுந்தால் நீர் கலங்கி ஒளி குறையும். முருகைகள் மூடப்பட்டு இறக்கும். ஆகவே தோட்டத்தில் கான் வெட்டி மண்ணரிப்பைத் தடுப்பது தேயிலையை மட்டுமன்றிக் கடலையும் காக்கும் செயலாகும்.

மாதிரி வினாக்கள்

(அ) 200 மீற்றர் ஆழத்தில் கடல்நீரினால் மட்டும் ஏற்படும் அமுக்கம் யாது? (கடல்நீரின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1030 கிலோகிராம், புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 மீ/செ²)

விடை: அமுக்கம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு ஆர்முடுகல்
= 200 × 1030 × 10
= 2 060 000 பஸ்கால்
(மொத்த அமுக்கம் கேட்கப்பட்டால் வளிமண்டல அமுக்கத்தையும் கூட்டுக.)

(ஆ) 1500 மீற்றர் ஆழத்தில் தாவரப் பிளாந்தன்கள் வளராமைக்குக் காரணம் யாது?

விடை: ஒளித்தொகுப்புக்குத் தேவையான ஒளி இன்மை. ("குளிர்" என எழுதுவது தவறு, துருவக் கடல்களின் குளிர்நீரிலும் தாவரப் பிளாந்தன்கள் செழித்து வளர்கின்றன.)

நினைவிற் கொள்க: ஆழம் கூட ஒளி விரைவில் மறையும், வெப்பநிலை சடுதியாகக் குறைந்து பின் ஏறத்தாழ மாறாதிருக்கும், அமுக்கம் சீராகக் கூடிக்கொண்டே செல்லும்.