அன்று விடிவெள்ளி, இன்று ட்ரோன்

பூந்தமல்லியைச் சுற்றி வயலும் கீரைப் பாத்தியும் இருந்த காலத்தில், கொத்தவால் சாவடிக்கு வண்டி கட்டியவர்களுக்குக் கிழக்கே ஏறும் விடிவெள்ளிதான் கடிகாரம். அது சில மாதங்கள் காணாமல் போகும், பிறகு மாலையில் மேற்கே வந்து நிற்கும் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கும் தெரிந்திருந்தது. காய்கறி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. மாட்டு வண்டிகள் அதற்கு வெகு முன்பே போய்விட்டன. டிரங்க் சாலையின் மெட்ரோ தூண்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் மேலே வெள்ளி இன்றும் இருக்கத்தான் செய்கிறது. தப்பித் தவறி நிமிர்ந்து பார்ப்பவர், மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் என்று எண்ணிக் குனிந்துகொள்கிறார்.

வானத்தில் தெரிவது எவருடையது என்று அஞ்சிய நாட்களும் இந்தப் பக்கத்துக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆவடி பெரிய ராணுவ முகாமானது. சோழவரத்தில் ஓடுதளம் போட்டார்கள். செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் மதராஸில் பாதி ஊர் காலியானது, படையெடுப்பு வரவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு வீசிவிட்டுப் போனது. காவலுக்கு நின்றவர் பெரும்பாலும் நம்பியது தன் கண்ணையும் காதையும்தான்.

எழுபது ஆண்டுகள் கழித்து, லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில் காவல் நின்றவர்களுக்கு அந்தக் குறை இல்லை. 2012 ஆகஸ்டு முதல், கிழக்கே சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மஞ்சள் நிற ஒளி உருண்டைகள் எழுவதாக ராணுவத்தினரும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் அறிக்கை அனுப்பினார்கள். அவை மூன்று முதல் ஐந்து மணி நேரம் மெல்ல வானைக் கடந்து மறைந்தன. நடமாடும் ரேடாரும் அலைக்கற்றைப் பகுப்பாய்வுக் கருவியும் மலை மேல் ஏற்றப்பட்டன. கண்ணுக்குத் தெரிந்த பொருள் ரேடாருக்குத் தெரியவில்லை. ஆகவே அது உலோகமில்லாத ஏதோ ஒன்று என்று எண்ணினார்கள். ஆளில்லா விமானம் ஒன்று துரத்திப் போனது. அது எட்டக்கூடிய உச்சிக்குப் போய், ஒளியைத் தவறவிட்டுத் திரும்பியது.

2013 பிப்ரவரிக்குள் பதிவேட்டில் 329 காட்சிகள் ஏறிவிட்டன. அவற்றில் 155 முறை அந்தப் பொருள்கள் எல்லைக் கோட்டைத் தாண்டியதாகக் கணக்கு. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானியலாளர்கள் பிறகு சொன்ன விடை: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. 2012 இலையுதிர் மாதங்களில் முன்னிரவு கழிந்ததும் வியாழன் கிழக்கே எழுந்தது. விடியலுக்கு முன் வெள்ளி எழுந்தது. நம் வண்டிக்காரர்கள் மாட்டைப் பூட்ட எழுந்த அதே வெள்ளி.

ஜவான்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பதினான்காயிரம் அடி உயரத்தில், தூசியற்ற மெல்லிய காற்றில், கோள்கள் சமவெளியில் காணாத பிரகாசத்தோடு எரியும். எதிரே நிற்பது பகை நாட்டுப் படை. வானில் உளவு ட்ரோன் பறப்பது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் பஞ்சாங்கத்தைப் புரட்டும் ஒரு பெரியவர் அந்த முகாமில் இருந்திருந்தால், அந்த ரேடார் மலையேறியிருக்காது என்று தோன்றாமலும் இல்லை.

வானில் தென்படும் இனந்தெரியாத பொருள்கள் பற்றிய அமெரிக்கக் கணக்கும் விசித்திரமாகத்தான் மாறியிருக்கிறது. அந்நாட்டு விமானப்படை 1969இல் மூடிய 'புளூ புக்' திட்டத்தில் 12,618 காட்சிகள் பதிவாகி, 701 மட்டும் விளங்காமல் நின்றன. 2021இல் அவர்களுடைய உளவுத் துறை வெளியிட்ட அறிக்கையில் 144 காட்சிகள். உறுதியாக விளக்கப்பட்டது ஒன்றே ஒன்று, காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது சரியில்லை. முந்தையதில் பொதுமக்கள் கண்டதும் சேர்ந்திருந்தது; பிந்தையதில் பெரும்பாலும் கடற்படை விமானிகளும் அவர்களுடைய கருவிகளும் கண்டது. இருந்தாலும், கருவி கூடக் கூட விடை கூடும் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை.

நம் நாட்டில் கூடியிருப்பது வேகம். லடாக்கில் விடை வர மாதக்கணக்கில் ஆனது. 2023 நவம்பர் 19 பிற்பகலில் இம்பால் விமான நிலையத்தருகே இனந்தெரியாத பொருள் ஒன்று தென்பட்டபோது, உடனே வான்வெளி மூடப்பட்டது. ரஃபேல் போர் விமானங்கள் தேடக் கிளம்பின. எதுவும் அகப்படாமல் மாலையில் வான்வெளி மீண்டும் திறந்தது. எல்லாம் ஒரே பிற்பகலுக்குள்.

பூந்தமல்லியில் இத்தனை பதற்றம் இல்லை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள், விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம் வகுத்திருக்கின்றன. நம் ஊர் அதற்குள் வருகிறது. அதன் வெளிவட்டத்தில் 200 அடிக்கு மேல் பறக்கவிட அனுமதி வேண்டும். கல்யாண மண்டபத்து வாசலில் ட்ரோன் விடும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம். இரவில் வானத்தில் விளக்கு ஒன்று அசையாமல் நின்று திடீரென்று நகர்ந்தால், மறுநாள் முகூர்த்தமா என்று காலண்டரைப் பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.