பெரிதாக்கினாலும் மங்காத ஐகான்கள்

நீங்கள் எழுதிய மென்பொருளின் ஐகான்கள் உங்கள் கணினியில் பளிச்சென்று இருக்கின்றன. வாடிக்கையாளரின் புதிய லேப்டாப்பில் மட்டும் மங்குகின்றன. படம் கெட்டுவிட்டதா? இல்லை, அதில் புள்ளிகள் போதவில்லை.

32க்கு 32 அளவுள்ள பிஎன்ஜி படத்தில் 1,024 பிக்சல்கள் (நிறப்புள்ளிகள்) உண்டு. விண்டோஸில் திரை அளவை 150 சதவீதமாக வைத்தால் அதே ஐகானுக்கு 2,304 பிக்சல்கள் வேண்டும். இல்லாதவற்றைக் கணினி ஊகித்து நிரப்புகிறது, ஓரங்கள் குழைகின்றன.

வெக்டர் படம் (கோடு, வளைவு, நிறம் ஆகியவற்றின் குறிப்புகளாலான படம்) எந்த அளவு கேட்டாலும் அந்த அளவில் புதிதாக வரையப்படுகிறது. அதனால் மங்குவதில்லை.

சாதாரணப் படம் போலவே அதைப் பயன்படுத்த முடியுமா? முடியும். மைக்ரோசாஃப்ட் 2006இல் வெளியிட்ட டபிள்யூபிஎஃப் (விண்டோஸ் மென்பொருள்களுக்குத் திரை அமைக்கும் கருவித்தொகுப்பு) இதற்கு நல்ல உதாரணம். அதில் ‘இமேஜ்’ உறுப்பின் ‘சோர்ஸ்’ என்ற இடத்தில் பிஎன்ஜிக்குப் பதிலாக ‘டிராயிங்இமேஜ்’ (வரைகுறிப்புகளைப் படமாக்கித் தருவது) கொடுத்தால் போதும். பொது இடத்தில் ஒருமுறை எழுதிவைத்து எல்லாப் பொத்தான்களிலும் பயன்படுத்தலாம்.

கையில் இருப்பது எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பா? டபிள்யூபிஎஃப் அதை நேரடியாகப் படிக்காது. ஆனால் அதிலுள்ள பாதைக் குறிப்பை (கோடுகள் செல்லும் வழியைச் சொல்லும் எழுத்தும் எண்ணும்) பெரும்பாலும் அப்படியே எடுத்து ஒட்டலாம். ஒட்டியபின் படத்தில் எதிர்பாராத ஓட்டை தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளை நிரப்பும் இயல்புநிலை விதி இரண்டிலும் வேறு. குறிப்பின் தொடக்கத்தில் ‘எஃப்1’ என்று சேர்த்தால் சரியாகிவிடும்.

ஐகான்கள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருகின்றனவா? இதில்தான் பலர் திணறுகிறார்கள். டிராயிங்இமேஜ் சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காது. வரைந்த பகுதியை மட்டுமே படமாகக் கொள்ளும். அதனால் சின்ன அம்புக்குறிகூடப் பொத்தான் முழுக்க விரிந்து நிற்கும். ஒவ்வொரு ஐகானுக்கும் பின்னால் ஒரே அளவில் நிறமற்ற சதுரம் ஒன்றை வரைந்துவிடுங்கள். எல்லாம் ஒரே சீராகும்.

ஐகானில் தமிழ் எழுத்து இருந்தால், அதை வரைகலை மென்பொருளிலேயே பாதையாக மாற்றிவிடுங்கள். எழுத்துருவை நம்பி விட்டால், அது இல்லாத கணினியில் எழுத்தின் வடிவம் மாறிப்போகும்.

கறுப்புப் பின்னணிக்கு மாறும்போது ஐகானும் தானாக நிறம் மாறுமா? டிராயிங்இமேஜ் பொத்தானின் எழுத்து நிறத்தைத் தானாக எடுத்துக்கொள்ளாது. நிறம் மாறவேண்டிய ஐகான்களுக்கு, பாதைக் குறிப்பை வரையும் ‘பாத்’ உறுப்பை நேரடியாகப் பயன்படுத்தி, அதன் நிறத்தைப் பொத்தானின் நிறத்தோடு இணைப்பதே எளிது.

எல்லாப் படத்தையும் மாற்றவேண்டுமா? வேண்டாம். புகைப்படங்கள் பிக்சல்களாகவே இருக்கட்டும். ஆயிரக்கணக்கான வளைவுகள் கொண்ட ஓவியத்தை வெக்டராக வைத்தால் திரை மெதுவாகும். 16 அளவுள்ள ஐகான்களில் மெல்லிய கோடுகள் இரு பிக்சல்களுக்கு நடுவே விழுந்து மங்கலாம். அந்த அளவுக்குத் தனியாக, எளிமையாக வரைவது நல்லது.

அடுத்த பதிப்பை வெளியிடுவதற்கு முன், திரை அளவை 200 சதவீதமாக வைத்து உங்கள் மென்பொருளை ஒருமுறை திறந்து பாருங்கள். எந்த ஐகானை முதலில் மாற்றவேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.